இருநூறு கடல் மைலுக்கு அப்பால்

ஜூன் 12, செவ்வாய்

ஏழாம் வகுப்பு ‘ஆ’ பிரிவுக்கு இன்று நான்காம் பாடம் தொடங்கினேன்: ‘நம் நாட்டைச் சூழ்ந்த கடல்கள்’. மேற்கே பெருங்கடல், தெற்கே சின்னக் கடல், இரண்டையும் இணைக்கும் நீரிணை. வரைபடத்தை ஆணியில் மாட்டியதும் வழக்கம்போல ஒரு பக்கம் சாய்ந்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: “சார், தண்ணியெல்லாம் கொட்டிடும்!” வகுப்பே சிரித்தது. நானும்தான்.

எல்லை என்றால் என்ன என்று கேட்டேன். முதல் பெஞ்சு வாயாடி எழுந்தாள். பேச ஆரம்பித்தால் மணி அடித்தாலும் நிறுத்த மாட்டாள், அதனால் ஆசிரியர் அறையில் அவளுக்கு இந்தப் பெயர். “வேலி போடுற இடம் சார்.” கடலில் எப்படி வேலி போடுவாய் என்றேன். கொஞ்சம் யோசித்தாள். “மிதக்கிற வேலி சார்.”

இதை மகள் வாலுவிடம் சொல்ல வேண்டும். விழுந்து விழுந்து சிரிப்பாள். ஞாயிற்றுக்கிழமை துறைமுகத்திலிருந்து கூப்பிட்டாள். சரக்குக் கப்பலில் மூன்றாம் அதிகாரியாகச் சேர்ந்த பிறகு இது இரண்டாவது நீண்ட பயணம். மேற்குப் பெருங்கடலைக் கடக்கப் பத்தொன்பது நாள். நடுவில் போன் கிடையாது. “அப்பா, உங்க பாடத்து மேலேயே கப்பல் ஓட்டப் போறேன். தப்பா ஏதாச்சும் நடத்தியிருந்தா இப்பவே ஒத்துக்கோங்க.” இருபத்து நான்கு வயதாகிறது. எங்களுக்கு இன்னும் வாலுதான்.

அவள் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள். ஸ்வெட்டர் எடுத்தியா, ஒழுங்கா சாப்பிடுறியா, தூங்குறியா. போனை வைத்த பிறகு என்னைப் பார்த்து ஒரு முறைப்பு. “முப்பது வருஷமா கடல் பாடம் நடத்துறீங்க. படகுல ஏறினா வாந்தி எடுக்குறீங்க. உங்க ஆசைக்கு எம் பொண்ணு போறா.” பழைய வழக்கு. தீர்ப்பு எப்போதும் எனக்கு எதிராகத்தான்.

ஜூன் 14, வியாழன்

கப்பலில் வந்த ஏதாவது ஒரு பொருளை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லியிருந்தேன். மேசை நிறைந்துவிட்டது. கடிகாரம், காபித்தூள் டப்பா, மின்விசிறியின் ஓர் இறக்கை, அப்பாவின் ஒற்றைச் செருப்பு. (“இன்னொண்ணு எங்கடா?” “அப்பா தேடிட்டு இருக்கார் சார்.”) ஒவ்வொன்றும் எந்தக் கடல் வழியாக வந்திருக்கும் என்று நூல் கட்டிப் பார்த்தோம். மணி அடித்தும் யாரும் எழவில்லை. இப்படி ஒரு வகுப்பு வருஷத்தில் இரண்டு முறை அமைந்தால் அதிகம்.

ஜூன் 19, செவ்வாய்

கப்பல் கம்பெனியிலிருந்து போன்.

ஜூன் 20, புதன்

எழுதினால் தெளியுமா என்று பார்க்கிறேன்.

நேற்று மூன்றாவது பீரியட். கரையை ஒட்டி ஆழம் குறைவாக இருக்கும் கண்டத்திட்டுப் பகுதியைக் கரும்பலகையில் வரைந்துகொண்டிருந்தேன். தலைமையாசிரியை கதவருகே வந்து நின்றார். அவர் எப்போதும் ஆள் அனுப்பித்தான் கூப்பிடுவார். அவரே வந்து நின்றதும் வரைவதை நிறுத்தினேன். “சார், என் அறைக்கு வாங்க. போன்.” கையில் சாக்பீஸோடு போனேன்.

போனில் பேசியவர் நிதானமாகப் பேசினார். அதிகாலையில் பெரிய அலை. மேல்தளத்தில் சரக்கைக் கட்டியிருந்த கயிறு ஒன்று தளர்ந்துவிட்டது. அதை இறுக்க அவளும் ஒரு மாலுமியும் போயிருக்கிறார்கள். அடுத்த அலையில் மாலுமிக்குக் கை முறிந்தது. அவள் தளத்தில் இல்லை.

இல்லை என்றால்?

“தேடிட்டு இருக்கோம் சார். பக்கத்துல இருக்கிற ரெண்டு கப்பலும் வந்திருக்கு.”

மனைவியிடம் போனில் சொல்ல மனசு வரவில்லை. நேரே இவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போனேன். வயதான ஒருவரின் கையில் ஊசி ஏற்றியிருந்தாள். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் ரத்தம் நிறையும் வரை ஊசியைப் பிடித்திருந்தாள், பஞ்சு வைத்தாள், “அழுத்திப் பிடிச்சுக்கோங்க ஐயா” என்றாள், குழாயில் பெயர் எழுதி ஒட்டினாள். பிறகுதான் எழுந்து வந்து, “என்ன?” என்றாள்.

சொன்னேன்.

ஜூன் 22, வெள்ளி

தேடுகிறார்கள். தேடுகிறார்கள். இதே வார்த்தையை மூன்று நாளாகக் கேட்கிறேன்.

இவள் ஜன்னலை விட்டு நகரவில்லை. எங்கள் மாடியிலிருந்து, எதிர்க் கட்டடத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே, ஒரு சாண் அகலத்துக்குக் கடல் தெரியும். அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். காலையில் திரும்பாமலேயே கேட்டாள், “தண்ணிக்குள்ள ஒருத்தர் எவ்வளவு நேரம் தாங்குவாங்க?”

எனக்குத் தெரியும். நீரின் வெப்பநிலை, தாங்கும் நேரம் — அந்த அட்டவணையைப் பத்தாம் வகுப்புக்கு நானே நடத்தியிருக்கிறேன். அந்த இடத்தில் இந்த மாதத்தில் பதினான்கு டிகிரி. அலை. கனமான உடுப்பு, பூட்ஸ். செவ்வாய்க்கிழமை போனை வைக்கும்போதே என் புத்தி கணக்குப் போட்டுவிட்டது. நான் போடச் சொல்லவில்லை. அதுவே போட்டது.

“சொல்ல முடியாதும்மா. தெரியல” என்றேன்.

ஜூன் 23, சனி

தேடலை நிறுத்திவிட்டார்கள்.

ஜூலை 2, திங்கள்

உடல் இல்லை. என்ன செய்வது, எப்போது செய்வது என்று வருகிறவர்களுக்கும் தெரியவில்லை. உட்காருகிறார்கள், டீ குடிக்கிறார்கள், பெருமூச்சு விடுகிறார்கள், எழுந்து போகிறார்கள். “ஏதாவது தீவுல ஒதுங்கியிருக்கலாம், யார் கண்டா?” என்றார் என் தம்பி. ஆறுதலுக்குத்தான் சொன்னார். அந்தப் பக்கத்தில் தீவு கிடையாது. எண்ணூறு கடல் மைல் சுற்றுவட்டாரத்தில் ஒரு பாறை கூடக் கிடையாது. சொல்லவில்லை.

எல்லோரும் போன பிறகு சமையலறையில் தம்ளர்களைக் கழுவிக்கொண்டே இவள் பேச ஆரம்பித்தாள். குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் தேவலை.

“அஞ்சு வயசுல அவ கையில அட்லஸைக் குடுத்தது யாரு? மத்த பிள்ளைங்க பொம்மை வச்சு விளையாடின வயசுல நீரிணைன்னா என்ன, வளைகுடான்னா என்னன்னு ஒப்பிச்சா. வர்றவங்க முன்னாடி சொல்லச் சொல்லிக் கேட்டுக் கேட்டுப் பூரிச்சுப் போனீங்க. நான் பேங்க் பரீட்சை எழுதட்டும்னேன். கடல்தான் நாட்டோட வாசல்னு நீங்க வசனம் பேசுனீங்க. போயிட்டா. வாசல் வழியாத்தான் போயிட்டா.”

நான் துண்டை வைத்துத் தம்ளர்களைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். துடைத்ததையே திரும்பத் துடைத்தேன். இவள் சொன்னதில் ஒரு வார்த்தை கூடப் பொய்யில்லையே.

ஜூலை 9, திங்கள்

பள்ளிக்குப் போனேன். வீட்டில் இருந்தால் ஒருவரையொருவர் பார்க்க வேண்டியிருக்கிறது.

தலைமையாசிரியை நல்லவர். “அந்த நாலாம் பாடத்தை மட்டும் கணக்கு டீச்சர் முடிச்சிடுவாங்க சார். நீங்க அஞ்சாவதுல இருந்து எடுத்துக்கோங்க” என்றார். அஞ்சாம் பாடம் மண் வகைகள். தலையாட்டினேன்.

நூலகத்தில் போய் உட்கார்ந்தேன். நூலகத்துக்கும் ஏழாம் வகுப்புக்கும் நடுவே இருப்பது வெறும் பலகைத் தடுப்பு. கணக்கு டீச்சர் புத்தகத்தைப் பார்த்து வாசிக்க, பிள்ளைகள் பின்னால் சொன்னார்கள். கடல்களின் முக்கியத்துவம். வணிகம். மீன்வளம். உப்பு. நாட்டின் பாதுகாப்பு. பாவம், அந்த அம்மாவுக்கு வேறு எப்படி நடத்துவதென்று தெரியாது. ஆனால் அந்தப் பிள்ளைகளின் குரல். எதையோ உடைத்துவிடுவோமோ என்று பயப்படுவதைப் போல, அவ்வளவு மெதுவாகச் சொன்னார்கள். நான் இந்தப் பக்கம் இருப்பது தெரிந்திருக்கிறது.

ஜூலை 17, செவ்வாய்

கப்பலின் சமையல்காரர் வந்தார். வாலுவின் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். ஐம்பது வயதிருக்கும். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே இருந்தார்.

“கம்பெனில குரியர்ல அனுப்புறேன்னாங்க. மனசு கேக்கல. நானே எடுத்துட்டு வந்துட்டேன்.”

இவள் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். எப்போதும் போல நேரே விஷயத்துக்கு வந்தாள். “பயந்தாளா?”

“நான் பாக்கலம்மா. கை உடைஞ்ச பையன்தான் பார்த்தான். கயிறைப் பிடிக்க அவன்தான் முதல்ல போனானாம். உங்க பொண்ணு, எங்க சின்ன ஆபீசர், அவன் சட்டையைப் பிடிச்சு இழுத்து, ‘நீ பின்னாடி நில்லு’ன்னு சொல்லிட்டு முன்னாடி போனாங்களாம். அந்த அலை வந்தப்ப பின்னாடி நின்னதாலதான் அவன் இருக்கான்.”

அவர் என் பக்கம் திரும்பினார். “உங்களைப் பத்தி நிறையப் பேசுவாங்க சார். கடல்ல கால் நனைக்கக்கூட பயப்படுற ஒரு மனுசன் எனக்குக் கடலைச் சொல்லிக்குடுத்தார்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. நான் ‘கடலு’ன்னு சொன்னா, ‘இது கடல் இல்ல, பெருங்கடல், எங்கப்பா மார்க் குறைச்சிடுவார்’னு திருத்துவாங்க.”

சிரித்துவிட்டேன். என் வாயிலிருந்து அது சிரிப்பாகத்தான் புறப்பட்டது. பாதியில் வேறாகிவிட்டது. சமையல்காரர் எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். அவர் கையில் வெங்காய வாசனை.

அவர் போன பிறகு இவள் பெட்டியைத் திறக்கவில்லை. அதன் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “முன்னாடி போயிருக்கா பாருங்க” என்றாள். “சின்னதுல ஊசி போட வரிசையில நிறுத்தினாக்கூட முதல் ஆளாப் போய் நிப்பா.”

அது உன் குணம், என்னுடையது இல்லை என்று சொல்ல வந்தேன். இவளும்தான் எங்கேயும் முன்னால் போய் நிற்கிறவள். நாக்கு நுனி வரை வந்தது. இவள் முகத்தைப் பார்த்து விழுங்கினேன். இந்த ஒன்றையாவது விழுங்கினேனே.

ஜூலை 24, செவ்வாய்

என்ன எழுதுவது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஏழாம் வகுப்பின் தேர்வுத்தாள்களைத் திருத்த உட்கார்ந்தேன். கேள்வித்தாள் கணக்கு டீச்சர் தயாரித்தது. பெரிய கேள்விகள் ஆறு, அவற்றில் ஏதேனும் நான்கு எழுத வேண்டும். மூன்றாவது கேள்வி: ‘நம் நாட்டைச் சூழ்ந்த கடல்கள் யாவை? அவற்றின் முக்கியத்துவத்தை விளக்குக.’ புத்தகத்தில் உள்ளதை ஒப்பித்தாலே முழு மதிப்பெண். ஆறில் அதுதான் எளிது.

முதல் தாளில் மூன்றாவது கேள்வி இல்லை. இரண்டாவதில் இல்லை. ஏழெட்டுத் தாள் வரை ஒன்றும் தோன்றவில்லை. பதினைந்தாவதில் கை நின்றுவிட்டது. கட்டு முழுவதையும் புரட்டினேன். நாற்பத்தொரு தாள். ஒருவர்கூட அதைத் தொடவில்லை. படிக்கவே படிக்காத கடைசி பெஞ்சுக்காரன்கூட, மண் வகைகளைப் பற்றித் தப்புத் தப்பாக இரண்டு பக்கம் உளறி வைத்திருக்கிறானே தவிர, கடலை எழுதவில்லை.

மதியம் வகுப்புக்குப் போனேன். “மூணாவது கேள்வியை யாரும் ஏன் எழுதல?” என்றேன். எல்லாத் தலையும் குனிந்தது. வாயாடி மட்டும் எழுந்தாள். பாவாடையைக் கசக்கிக்கொண்டு நின்றாள்.

“எழுதினா... நீங்க படிக்கணும்ல சார்.”

நாற்பத்தொரு முறை. ஆமாம். நாற்பத்தொரு முறை படித்திருப்பேன்.

“யார் சொன்னது எழுத வேண்டாம்னு?”

“யாரும் சொல்லல சார். பரீட்சைக்கு முன்னாடி கைகழுவுற இடத்துல பேசிக்கிட்டோம்.”

பன்னிரண்டு வயது. பன்னிரண்டு வயதுக்கு இதெல்லாம் எப்படித் தெரிகிறது?

ஜூலை 26, வியாழன்

தலைமையாசிரியையிடம் கேட்டு நான்காம் பாடத்தை மறுபடி எடுத்தேன். “அவசியமா சார்?” என்றார். பிள்ளைகள் என்னால் ஒரு பாடத்தை இழக்கக் கூடாது என்றேன். அது பாதி உண்மை. மீதி என்னவென்று எனக்கே தெரியவில்லை.

நன்றாகத்தான் தொடங்கினேன். துறைமுகங்கள், மீன்பிடித் தளங்கள். கடலுக்கடியில் கிடக்கும் கம்பிகள் வழியாகத்தான் நாம் வெளிநாட்டுக்குப் பேசுகிறோம் என்றதும் நம்ப மறுத்தார்கள். வகுப்பில் பழைய சத்தம் கொஞ்சம் திரும்பியது. பிறகு கடல் எல்லை. கரும்பலகையில் கரையை வரைந்து, அதற்கு இணையாக ஒரு கோடு போட்டேன். “கரையிலிருந்து பன்னிரண்டு கடல் மைல். இதுவரை நம் நாடு மாதிரியே, நம் சட்டம் செல்லும்.” இன்னொரு கோடு. “இருநூறு கடல் மைல். இதுவரை மீன் பிடிக்க, எண்ணெய் எடுக்க நமக்குத்தான் உரிமை.”

“அதுக்கு அப்பால் சார்?” என்றாள் வாயாடி.

“அதுக்கு அப்பால் இருக்கிற கடல் யாருக்கும்...”

முப்பது வருஷமாகச் சொல்லும் வாக்கியம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கேப்டன் எழுதிய கடிதத்தில் இருக்கிறது, நம் கரையிலிருந்து ஆயிரத்து நூறு கடல் மைல் என்று.

யாருக்கும் சொந்தமில்லை.

சாக்பீஸ் கையில் அப்படியே நின்றது. பிறகு வாயாடி குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டே, மெதுவாக, “யாருக்கும் சொந்தமில்லைன்னா எல்லாருக்கும்னு எழுதலாமா சார்?” என்றாள்.

சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று சொன்னேன். எழுதிக்கொள்ளச் சொன்னேன். நாற்பத்தொரு பேனாவும் எழுதும் சத்தம் கேட்டது. நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

ஆகஸ்ட் 5, ஞாயிறு

காலையில் இவள் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு அட்லஸைக் கொண்டுவந்து வைத்தாள். கேப்டனின் கடிதத்தையும் வைத்தாள். “இதுல ஏதோ நம்பரெல்லாம் எழுதியிருக்கே. அது எங்கன்னு காட்டுங்க.”

இருபத்தேழு வருஷமாகக் கூட வாழ்கிறாள். ஒரு நாள்கூட என்னிடம் பாடம் கேட்டதில்லை.

அட்சரேகை எது, தீர்க்கரேகை எது என்று சொன்னேன். இவள் விரலைப் பிடித்து ஒரு கோட்டில் மேலே ஏற்றி, இன்னொரு கோட்டில் இடப்பக்கம் நகர்த்தினேன். இரண்டும் சந்திக்கும் இடத்தில் விரல் நின்றது. நீலம்தான். சுற்றிலும் நீலம்.

“நாம எங்க இருக்கோம்?”

காட்டினேன். இரண்டுக்கும் நடுவே நான்கு விரற்கடை.

“எவ்வளவு ஆழம்?”

“நாலாயிரத்து இருநூறு மீட்டர்.”

“வெளிச்சம் போகுமா?”

“இருநூறு மீட்டருக்குக் கீழ அனேகமா இருக்காது.”

“அந்தப் பக்கம் கப்பல் போகுமா?”

“போகும். அதுதான் கப்பல் பாதை. தினமும் போகும்.”

“அப்ப தனியா இல்ல” என்றாள்.

அதற்கு எந்தப் புத்தகத்தில் பதில் இருக்கிறது? பிறகு விரலை எடுக்காமலேயே கேட்டாள். “அன்னைக்கு எவ்வளவு நேரம் தாங்குவாங்கன்னு கேட்டேன். தெரியலன்னு சொன்னீங்க. தெரியும்தானே?”

“தெரியும்.”

“எவ்வளவு?”

“அந்த அலையில, அந்த உடுப்போட... ஒரு மணி நேரம்கூட இருந்திருக்காதும்மா.”

மெதுவாகத் தலையாட்டினாள். பரிசோதனை முடிவைக் கையில் வாங்கியவளைப் போல.

“இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம். நாலு நாள் அந்த ஜன்னல்ல நின்னேன். நின்னுட்டு நின்னுட்டு, இன்னும் நீந்திட்டு இருக்கா, இன்னும் நீந்திட்டு இருக்கா, கை வலிக்குமேன்னு...” முடிக்கவில்லை. “பொண்ணுக்கு எல்லாத்தையும் சொல்லிக்குடுத்தீங்க. எனக்கு இந்த ஒண்ணைச் சொல்லல.”

பாவி. பாவி நான். இவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு இவள் மகளை நான்கு நாள் நீந்த வைத்திருக்கிறேன்.

அட்லஸை மூடிவிட்டுச் சொன்னாள். அடுத்த வாரம் தன் அக்கா வீட்டுக்குப் போகிறாளாம். அங்கே ஒரு பரிசோதனை நிலையத்தில் ஆள் கேட்கிறார்களாம். நாட்டின் நடுப்பகுதி. கடலுக்கு அறுநூறு கிலோமீட்டர். “இங்க ஜன்னலைத் திறந்தா உப்புக் காத்து. மூச்சு முட்டுது.”

எப்போது திரும்பி வருவாய் என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 12, ஞாயிறு

ரயிலடியில் விட்டுவிட்டு வந்தேன். பெட்டி ஏற்றும்போது, “ரத்த அழுத்த மாத்திரை ரெண்டாவது டிராயர்ல இருக்கு” என்றாள். அவ்வளவுதான். ரயில் நகர்ந்த பிறகும் நடைமேடையில் நின்றிருந்தேன். பெருக்கிக்கொண்டிருந்த ஒருவர், “ஐயா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்றார். தள்ளி நின்றேன்.

ஆகஸ்ட் 30, வியாழன்

இரண்டு முட்டை வேகவைத்தேன். ஒன்று வெடித்துவிட்டது. மற்றதைச் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 19, புதன்

ஞாயிறுதோறும் நான் கூப்பிடுகிறேன். அக்காதான் எடுக்கிறார். “நல்லா இருக்கா. வேலைக்குப் போறா. தூங்குறா.” பேசுகிறாளா என்று கேட்டால், “ரத்தம் எடுக்க வர்றவங்ககிட்டப் பேசுவா, மாப்பிள்ளை” என்கிறார்.

இன்று வாலுவின் பிறந்தநாள். பள்ளியில் யாருக்கும் தெரியாது. மூன்று பீரியட் எடுத்தேன். மலைகள், மலைகள், மலைகள்.

அக்டோபர் 8, திங்கள்

இன்று நான் கடற்கரைக்குப் போனேன். பேருந்து கடைசி நிறுத்தத்தில் இறங்கி, மணலில் நடந்து, ஈர மணல் தொடங்கும் இடத்தில் நின்றேன். அதற்கு மேல் கால் போகவில்லை. அப்படியே நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். வீரன் மாதிரி எழுத ஒன்றும் இல்லை.

அக்டோபர் 21, ஞாயிறு

மதியம் போன் அடித்தது. இவள் எண். அக்கா இல்லை, இவளே. இரண்டு மாதத்தில் முதல் முறை. அவசரத்தில் போனைத் தலைகீழாகக் காதில் வைத்துவிட்டேன்.

“இங்க மழை” என்றாள்.

பின்னால் தகரத்தில் மழை கொட்டும் சத்தம் கேட்டது. நான் சரி என்றேன்.

“ரெண்டு நாளா பெய்யுது. பக்கத்து வீட்டுப் பிள்ளை பாடத்தைச் சத்தமாப் படிச்சிட்டு இருந்துச்சு. மழையெல்லாம் கடல்லேருந்துதான் வருதுன்னு.” கொஞ்சம் நிறுத்தினாள். “இது எந்தக் கடல்?”

அவள் என்ன கேட்கிறாள் என்று புரிந்தது. அந்த இடத்துக் கடல்தான் என்று சொல்லிவிடலாம். சொன்னால் அவளுக்கு நிம்மதி. ஜூனில் சொன்ன அந்தப் பொய்யும் அவள் நிம்மதிக்காகத்தான் சொன்னது.

“இந்த மாசம் காத்து மேற்கிலேருந்துதான் வரும்” என்றேன். “மேற்குப் பெருங்கடல் தண்ணிதான் மேகமா அங்க வரைக்கும் வருது. ஆனா அந்த இடத்துத் தண்ணின்னு சொல்ல முடியாதும்மா. அவ்வளவு தூரத்திலேருந்து வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம். அது நிஜமாவே யாருக்கும் தெரியாது.”



“அறுநூறு கிலோமீட்டர் தள்ளி வந்தேன்” என்றாள். குரல் உடைந்துவிட்டது. “இங்கேயும் வந்துடுச்சு பாருங்க.”

அழுதாள். ஜூனிலிருந்து நான் பார்க்காத அழுகை. என்னோடு சேர்ந்து அழாத அழுகை. நானும் அழுதேன். என் பக்கம் வெயில், அவள் பக்கம் மழை. இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. நெடுநேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே, “கொடியில துணி கிடக்கு” என்றாள்.

“போய் எடு, நனையுது.”

“நனையட்டும்.”

பிறகு அவளாகவே சொன்னாள். “வெள்ளிக்கிழமை ரயில்ல வாங்க. அவ பெட்டியை எடுத்துட்டு வாங்க. நான் இன்னும் திறக்கல. தனியாத் திறக்க முடியாது.”

சரி என்றேன். வேறு என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

விடுப்பு விண்ணப்பம் எழுதிவிட்டேன். வெள்ளி, சனி, திங்கள். காரணம் என்ற இடத்தில் முதலில் ‘சொந்த வேலை’ என்று எழுதினேன். அடித்துவிட்டு ‘மனைவியைப் பார்க்க’ என்று எழுதினேன்.